எடைக்கு மட்டுமா முத்திரை?

நுழையும்முன்
வாங்கும் பொருளின் எடையைச் சரிபார்க்கத் தராசு உண்டு. அத்தராசைச் சரிபார்க்கச் சட்டம் உண்டு. தட்டில் கிடக்கும் மீன் எந்நாளில் பிடிக்கப்பட்டது, விற்பவர் சொல்லும் பெயர் அதற்கு உரியதுதானா என்பவற்றைச் சரிபார்க்க நுகர்வோரிடம் என்ன உண்டு? கடலுக்குத் தொலைவில் உள்ள ஊர்களின் மீன்சந்தையை முன்வைத்து, ஒளியால் உணவைச் சோதிக்கும் ஓர் அறிவியல் முறையைப் பற்றியும் அது யாருக்கு முதலில் பயன்பட வேண்டும் என்பதைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

சேலம் நகருக்குத் தெற்கே, ஜருகுமலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் பனமரத்துப்பட்டி. அவ்வூரின் பெயரைச் சொன்னால் சேலத்து முதியவர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். பூ வணிகர்களுக்கு அரளி நினைவுக்கு வரும். சேலம் நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்த ஏரி 2,000 ஏக்கருக்கும் கூடுதலான பரப்புடையது. மேட்டூரிலிருந்து காவிரிநீர் குழாய்வழியே நகரை வந்தடையத் தொடங்கிய பின்னர் ஏரி மெல்ல மெல்லக் கவனிப்பாரற்றுப் போயிற்று. நீர் நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் நின்றது. ஏரி நிறைந்திருந்த காலத்தில் அதன் மீனைப் பற்றி எவரும் ஐயுற வேண்டியிருக்கவில்லை. வலையிலிருந்து கூடைக்கும் கூடையிலிருந்து குழம்புச் சட்டிக்கும் அது சென்று சேரச் சில மணி நேரமே ஆகும். துள்ளிக்கொண்டிருக்கும் மீனுக்குச் சான்றிதழ் எதற்கு?

இன்று சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களில் விற்கப்படும் மீனில் பெரும்பகுதி சாலைவழியே வருவது. இங்கிருந்து எந்தக் கடற்கரைக்குச் செல்வதானாலும் ஏறத்தாழ 200 கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். கட்லாவும் ரோகுவும் ஆந்திர மாநிலத்து வளர்ப்புக் குளங்களிலிருந்தும் வருகின்றன. கடல்மீனின் வயதோ லாரியில் ஏறும்போது தொடங்குவதன்று. ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகு பல நாள்கள் கடலிலேயே தங்குகிறது. முதல்நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே பனிக்கட்டிக் குவியலில் ஒன்றாகக் கரையேறுகின்றன. பிறகு ஏலம், மொத்த வணிகர், லாரி, நகரச் சந்தை, சில்லறை வணிகர் எனக் கைகள் பல மாறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பனமரத்துப்பட்டியில் ஒருவர் வாங்கும் அயிலையின் உண்மையான வயதை அதை விற்பவரும் அறியார். இதில் விற்பவரின் குற்றம் ஏதுமில்லை. அவருக்கும் எவரும் சொல்லவில்லை.

அரளி மொட்டு இன்று பறித்ததா, நேற்றுப் பறித்ததா என்பதைப் பூச்சந்தையில் பழகிய கண் பெரும்பாலும் கண்டுகொள்ளும். மீன் அவ்வளவு எளிதில் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை.

கண்ணும் விரலும்

மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கென ஓர் அறிவு நம்மிடம் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள்; அது குருதிச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். குழிந்து மங்கியிருந்தால் நாள்பட்ட மீன். சதையை விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலெழ வேண்டும். செதில் பளபளக்க வேண்டும். முகர்ந்தால் கடலின் மணம் இருக்கலாம், நாற்றம் இருத்தலாகாது. எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாத இவ்வறிவைத் தாயிடமிருந்து மகள் கற்றாள். சங்கப் பாடல்களில் வாளையும் வராலும் ஆரலும் அயிரையும் இறாவும் தனித்தனிப் பெயர்களோடு நீந்துகின்றன. மீனைப் பெயர் பிரித்து அறிந்த சமூகம் அதன் பதத்தையும் பிரித்து அறிந்திருந்ததில் வியப்பில்லை.

இவ்வறிவு பொய்யாகிவிட்டது என்று நான் கருதவில்லை. அது செல்லுபடியாகும் எல்லை சுருங்கிவிட்டது என்பதே என் கருத்து. பனிக்கட்டியில் கிடந்த மீனின் சதை குளிரால் விறைத்திருக்கும். விரலின் சோதனை அங்கே தடுமாறும். செவுளுக்குச் சாயம் பூசுவோரும் உள்ளனர். துண்டு போட்டு, தோலுரித்து, நெகிழித்தாளில் சுற்றி விற்கப்படும் மீனுக்குச் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

மீன் இறந்தபின் அதன் உடலுக்குள் நிகழ்வதைச் சற்று அறிந்துகொள்வது நன்று. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் படிப்படியாகச் சிதைகிறது. இடைப்பட்ட நிலையில் ஐனோசினிக் அமிலம் திரள்கிறது. புதுமீனின் இனிய சுவைக்கு இதுவே பெருங்காரணம். அதுவும் சிதையும்போது கசப்பைத் தரும் ஹைப்போசாந்தின் தோன்றுகிறது. இதற்கிடையே பாக்டீரியாக்கள் பெருகி, கடல்மீனின் சதையில் இயல்பாக உள்ள டிரைமெத்தில் அமீன் ஆக்சைடை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. நாம் முகம் சுளிக்கும் மீன்நாற்றம் இதுதான். நாற்றம் எழும்போது கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய அத்தியாயங்களை மூக்கு படிப்பதில்லை.

சுவை போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அயிலை, சாளை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. அம்மீன்கள் உரிய குளிரில் வைக்கப்படாவிட்டால் பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உண்டவர்க்கு முகம் சிவந்து, தலைவலித்து, தோல் தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை என்பதைச் சமையலறைகள் அறிந்திருக்க வேண்டும். 'நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்னும் நம்பிக்கை இங்கே உதவாது.

2018-ஆம் ஆண்டு சொன்ன செய்தி

2018-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை, 'ஆப்பரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் எல்லைச் சோதனைச்சாவடிகளில் மீன் லாரிகளை நிறுத்திச் சோதித்தது. தமிழ்நாட்டின் செங்கோட்டையை அடுத்துள்ள ஆரியங்காவில் மட்டும் 9,000 கிலோவுக்கும் கூடுதலான மீன் பார்மலின் கலந்தது எனக் கண்டறியப்பட்டது. பார்மலின் என்பது பார்மால்டிஹைடு வாயு கரைந்த நீர்மம். உடற்கூறு ஆய்வகங்களில் உடல்களைக் கெடாமல் வைக்கப் பயன்படுவது. பார்மால்டிஹைடு மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அச்செய்தி வெளியான வாரங்களில் தமிழ்நாட்டின் சந்தைகளிலும் மக்கள் மீனைக் கண்டு தயங்கினர். தவறு செய்யாத மீனவரும் அந்த இழப்பில் பங்கு கொண்டார்.

அச்சோதனையை இயலச் செய்தது எது என்பது கவனிக்கத்தக்கது. கொச்சியில் 1957 முதல் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீனின்மேல் தேய்த்து வேதிக்கரைசல் ஒரு துளி விட்டால் சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டும் தாள்பட்டையை உருவாக்கியிருந்தது. பார்மலினுக்கு ஒன்று; அம்மோனியாவுக்கு ஒன்று. எளிய கருவி, சாலையோரத்திலேயே விடை தரும் கருவி.

அதற்கு முன்னர் வழி ஒன்றே ஒன்றாக இருந்தது: மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புதல். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், மாதிரி கைக்கு வந்த 14 நாள்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் இக்காலம் பொருந்தும். மீனுக்கோ 14 நாள் என்பது ஒரு வாழ்நாள். அறிக்கை வரும்போது மீன் உண்ணப்பட்டிருக்கும். குற்றவாளியைத் தண்டிக்க அவ்வறிக்கை உதவலாம். உண்டவரைக் காக்க உதவாது. கெட்டுப்போகும் பொருளுக்கு வேண்டியது அது கெடுவதைவிட விரைவாகக் கிடைக்கும் விடை.

தாள்பட்டை அந்த விரைவைத் தந்தது. ஆனால் அது கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். பார்மலின் உண்டா என்றால் சொல்லும். இந்த மீனுக்கு எத்தனை நாள், இது உறைந்து பின் உருகியதா, இது வஞ்சிரந்தானா என்று கேட்டால் அதனிடம் விடையில்லை. அக்கேள்விகளை எழுப்பக்கூடியது ஒளி.

ஒளி எழுதும் குறிப்பு

வெண்ணிற ஒளி பல நிறங்களின் கூட்டு என்பதை நியூட்டன் முப்பட்டகத்தைக் கொண்டு காட்டினார். சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உண்டு என்பதை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் அப்பொருளின் மூலக்கூறுகள் தம் அடையாளத்தைப் பதித்து அனுப்புகின்றன என்பதை 1928-இல் மெய்ப்பித்தார். இன்று உணவுக் கலப்படத்தைக் கண்டறியும் முறைகளுள் ஒன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. இந்தப் பரம்பரையில் வந்த ஒன்றே மீநிறமாலைப் படிமவியல்.

மனிதக் கண்ணில் நிறம் உணரும் கூம்பு அணுக்கள் மூவகை. உலகின் எல்லா நிறங்களையும் அம்மூன்றின் கணக்கைக்கொண்டே நாம் அறிகிறோம். நம் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களையே குறித்துக்கொள்கிறது. மீநிறமாலைக் கருவியோ படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான எண்களைக் குறிக்கிறது. 400 நானோமீட்டரில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் 700 நானோமீட்டர் எல்லையையும் தாண்டி, அகச்சிவப்புக்குள் வெகுதொலைவு செல்லும் அலைநீளங்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது, எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதே அக்குறிப்பு. கருவிகள் பலவும் படத்தை ஒரே நொடியில் எடுப்பதில்லை. நகரும் பட்டையின்மேல் மீன் செல்லச் செல்ல, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சேர்க்கின்றன. சேலத்துத் தறியில் ஊடை ஊடையாக ஓடித் துணி வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எந்தப் பொருள் எந்த ஒளியை விழுங்கும் என்பது இயற்கை வகுத்த விதி. ஆக்சிஜன் ஏற்ற குருதி ஏறத்தாழ 540, 575 நானோமீட்டர்களில் ஒளியை விழுங்குகிறது. நாள்பட்டு அக்குருதிநிறமி பழுப்பாகும்போது 630 நானோமீட்டரை ஒட்டிப் புதியதொரு பள்ளம் தோன்றுகிறது. கண் அதைப் 'பழுப்பு' என்று காண்பதற்கு முன்பே கருவி அப்பள்ளத்தைக் கண்டுவிடும். நீர் 970 நானோமீட்டரிலும் 1,450 நானோமீட்டரிலும் தன் இருப்பைச் சொல்லும். கொழுப்புக்கும் புரதத்துக்கும் அவ்வாறே தனி இடங்கள் உண்டு.

இது கற்பனைக் கருவியன்று. 2008 அக்டோபரில் ஏவப்பட்டு, மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, நிலவின் தரையை இத்தகைய கருவிகளால் படித்தது. அதிலிருந்த கருவிகளுள் ஒன்று, 3,000 நானோமீட்டரை ஒட்டி ஒளி விழுங்கப்பட்டிருப்பதைக் கண்டது. நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் சுவடு உண்டு என்பது 2009-இல் உலகுக்குத் தெரிந்தது அவ்வாறுதான். 2018 நவம்பர் 29 அன்று இந்தியா தன் மீநிறமாலைப் படிமச் செயற்கைக்கோளான ஹைசிஸை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தியது. நிலவில் நீர் இருப்பதைத் தொலைவிலிருந்து கண்டறியும் அறிவை வைத்துக்கொண்டு, இறாலில் ஊசிவழி நீர் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று சந்தையில் கண்டறிய நாம் இன்னும் முற்படவில்லை என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

நோர்வே நாட்டின் நோஃபிமா ஆய்வு நிறுவனம், காட் மீன் துண்டுகளில் புழுக்கள் உள்ளனவா, குருதி தேங்கியுள்ளதா என்பவற்றை இம்முறையால் கண்டறியும் ஆய்வில் நெடுநாள் ஈடுபட்டுள்ளது. எடையைக் கூட்ட இறாலுக்குள் ஏற்றப்படும் ஜெலட்டினைக் கண்டறியும் ஆய்வுகள் சீனாவில் நடந்துள்ளன. உறைந்து உருகிய மீனைப் புதுமீன் என்று விற்பதையும் இம்முறை காட்டிக்கொடுக்கும். உறையும்போது தோன்றும் பனிப்படிகங்கள் உயிரணுச் சவ்வுகளைக் கிழிக்கின்றன. உருகியபின் சாறு கசிகிறது. சதையினுள் ஒளி சிதறும் விதமே மாறிவிடுகிறது.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மிகச் சிறிய அளவில் கலந்த பார்மலினை ஒளிப்படத்தால் மட்டும் உறுதிசெய்வது கடினம். பார்மலின் புரதத்தை இறுக்குவதால் சதையில் விளையும் மாற்றத்தையே கருவி உணரும். சில கடல்மீன்களில் பார்மால்டிஹைடு இயல்பாகவே சிறிதளவு உருவாவதும் உண்டு. ஆகவே தாள்பட்டையின் இடத்தை ஒளி பறித்துவிடாது. பல கூடைகளுள் ஐயத்துக்குரிய கூடை எது என்று விரைந்து பிரித்துத் தரும் சல்லடை ஒளி; இறுதித் தீர்ப்பு வேதியியலுக்கும் மரபணுவுக்கும் உரியது.

பெயர் மாறாட்டம்

2008-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பள்ளி மாணவியர் இருவர், உங்கள் வயதினர், தம் நகரின் கடைகளிலும் உணவகங்களிலும் 60 மீன் துண்டுகளை வாங்கிக் கனடாவில் உள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு மரபணுச் சோதனைக்காக அனுப்பினர். இனம் அறிய முடிந்தவற்றுள் நான்கில் ஒரு பங்கு வேறு மீன். விலையுயர்ந்த வெள்ளைச் சூரை என்று விற்கப்பட்ட ஒரு துண்டு மொசாம்பிக் திலேபியாவாக இருந்தது. நம் ஏரி குளங்களில் பிடித்து 'ஜிலேபி' என்று கூவி விற்கும் மீனினந்தான் அது! ஓசியானா என்னும் அமைப்பு அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 1,200-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் ஒரு பங்கு தவறான பெயரில் விற்கப்பட்டிருந்தது.

நம் ஊர்ச் சந்தைகளில் ரூப்சந்த் என்னும் வளர்ப்பு மீன் 'வவ்வால்' என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்கிறது. துண்டு போட்டபின் வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் வேறுபாடு காண வீட்டில் எத்தனை பேரால் முடியும்? வளர்க்கக்கூடாதென இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, நாட்டுக் கெளுத்தியின் பெயரில் தட்டுக்கு வந்தால் நுகர்வோர் இழப்பது பணத்தை மட்டுமன்று. கிடைத்ததையெல்லாம் விழுங்கும் அம்மீன் பண்ணைக் குட்டையிலிருந்து வெள்ளத்தில் தப்பிக் காவிரியை அடைந்தால் ஆற்றின் சொந்த மீன்கள் அழியும். அதற்குச் சந்தை இருக்கும்வரை அதை வளர்ப்போரும் இருப்பர். பெயர் மாறாட்டத்தைத் தடுப்பது ஆற்றைக் காப்பதும் ஆகும்.

யாருக்காகச் சோதிக்கிறோம்?

2023-24-ஆம் ஆண்டில் இந்தியா 17 லட்சத்து 81 ஆயிரம் டன் கடலுணவை ஏற்றுமதி செய்து, 60 ஆயிரம் கோடி ரூபாய்க்குமேல் ஈட்டியது. அந்தச் சரக்கின் பின்னால் ஆய்வகங்களும் சான்றிதழ்களும் அணிவகுத்து நிற்கின்றன. காரணம், வாங்குபவர் கேட்கிறார். இந்திய வளர்ப்பு இறாலில் எதிர்நுண்ணுயிர் மருந்தின் எச்சம் இருந்ததால், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்கு வரும் சரக்கில் பாதியைச் சோதித்தே ஏற்பது என முடிவு செய்தது. நம் வளர்ப்போரும் ஏற்றுமதியாளரும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கேட்டால் தரம் வரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நாட்டின் மொத்த மீன் உற்பத்தியோ 2022-23-இல் 175 லட்சம் டன்னைத் தாண்டியது. ஏற்றுமதியாவது எடையளவில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதியை உண்பவர் நாம். பிரஸ்ஸல்ஸில் ஒருவர் உண்ணும் இறாலுக்கு உள்ள காவல் பனமரத்துப்பட்டியில் ஒருவர் உண்ணும் சாளைக்கு ஏன் இல்லை? பணம் இல்லை என்ற விடையை நான் ஏற்கவில்லை. பணம் எப்போதும் கேட்பவரின் பக்கம் செல்கிறது, நாம் கேட்கவில்லை.

எடையில் நாம் கேட்டிருக்கிறோம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வணிகர் பயன்படுத்தும் தராசு உரிய காலத்தில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். புகார் நகரத்து வணிகர் வாங்குவதிலும் விற்பதிலும் நேர்மை பேணியதைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. ஆகவே எடையின் நேர்மை நமக்குப் பழைய பெருமை. அந்நேர்மையைப் பொருளின் வயதுக்கும் பெயருக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் வாதம். இதுவரை நீட்டிக்காததற்கு அளக்கும் கருவி இல்லை என்பது காரணமாக இருந்தது. இப்போது அக்காரணம் இல்லை.

விலை பற்றிய தடையை உடனே எழுப்புவர். ஆய்வகத்துக்குரிய மீநிறமாலைக் கருவி பல லட்சம் ரூபாய் பெறும் என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் ஒருமுறை ஆராய்ந்து, மீனின் பதத்தைச் சொல்ல இன்றியமையாதவை இந்தச் சில அலைநீளங்களே எனக் கண்டுவிட்டால், பிறகு அச்சில நிறங்களை மட்டும் உமிழும் எல்.இ.டி. விளக்குகளும் எளிய உணர்வியும் போதும். பெரிய கருவி கற்றுத்தரும். சிறிய கருவி சந்தையில் வேலை செய்யும். அன்றியும் அக்கருவி மீனோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கப்படுவதாகப் பல ஆண்டுகளாகப் புகார் உள்ளது. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் கோடைதோறும் செய்தியாகிறது. ஒளிக்கு இவையும் படிக்கத்தக்க பாடங்களே.

கருவியை எங்கே வைப்பது என்பதே எனக்கு மிக முதன்மையான கேள்வி. தலைச்சுமையாகவோ இருசக்கர வண்டியிலோ மீன் விற்கும் பெண்ணின் கூடைமேல் அதை நீட்டுவது எளிது, அநீதியும் கூட. விடியற்காலையில் நகரத்து மொத்தச் சந்தையில் கடனுக்கு எடுத்த மீனை மாலைக்குள் விற்றால்தான் அவருக்குக் கூலி. அம்மீன் அவர் கைக்கு வரும்போதே ஏழு நாள் ஆகியிருந்தால், தண்டனை ஏழாம் நாளில் அதைத் தொட்டவருக்கா? சோதனை நடக்க வேண்டிய இடம் லாரிகள் சரக்கு இறக்கும் இடம். சேலத்துக்குச் சூரமங்கலம் மீன்சந்தை போன்ற மொத்த வணிகக் களங்கள் உள்ளன. கடற்கரையில் ஏலம் நடக்கும் மீன்பிடித் துறைமுகங்கள் உள்ளன. அங்கே பெட்டி பெட்டியாகப் பார்த்து, நாள்பட்ட பெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டால் கீழே வரும் கைகள் அனைத்தும் காக்கப்படும். அந்த விடை ஒரு சீட்டாகச் சில்லறை வணிகரின் கைக்கு வர வேண்டும். இன்று வாங்குபவர் 'இது நல்ல மீனா?' என்று கேட்டால் அவரால் சத்தியம் மட்டுமே செய்ய முடிகிறது. அப்போது அவர் சீட்டைக் காட்டலாம். பதம் குறைந்த மீன் உண்ணத் தகுந்த நிலையில் இருந்தால் அதையும் சொல்லி விலையைக் குறைத்து விற்கட்டும். நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று விற்பதில் பிழையில்லை. கருவாட்டை யாரும் புதுமீன் என்று விற்பதில்லை.

கருவி ஐயுற்ற பெட்டியைத் தாள்பட்டையாலோ ஆய்வகத்தாலோ உறுதிப்படுத்தாமல் அழிக்கும் அதிகாரம் எவருக்கும் தரப்படலாகாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். எந்திரத்தின் சொல் என்பதாலேயே அது தவறாததாகிவிடாது.

நம் மீன்களை அறியாத கருவி

எந்திரம் தவறுவதற்குப் பெருங்காரணம் ஒன்று உண்டு. கருவிக்குத் தானாக எதுவும் தெரியாது. பதம் அறிந்த ஆயிரக்கணக்கான மீன்களை அதற்குக் காட்டி, ஒவ்வொன்றின் நிறமாலையையும் சேமித்து, இது புதியது, இது நாள்பட்டது என்று கற்பிக்க வேண்டும். குளிர்நாட்டு ஆய்வகங்கள் தம் கருவிகளுக்குக் காட்மீனையும் சால்மனையும் கற்பித்தன. அவற்றை அப்படியே இறக்குமதி செய்து நம் சந்தையில் நிறுத்தினால் அவை நெத்திலியையும் சங்கராவையும் விராலையும் கண்டு திகைக்கும். மேலும், வெப்பமண்டல மீன்கள் பனிக்கட்டியில் குளிர்நாட்டு மீன்களைவிடப் பொதுவாகக் கூடுதல் நாள் தாங்குபவை; வெதுவெதுப்பான நீரில் பழகிய பாக்டீரியாக்கள் கடுங்குளிரில் மந்தமாகிவிடுவதே காரணம். நோர்வேயின் அளவுகோலை இங்கே பயன்படுத்தினால் நல்ல மீனைக் கெட்டதென்று சொல்லும் பிழையும் நேரலாம். அதன் இழப்பு நம் மீனவருக்கு.

எனவே நம் மீன்களின் நிறமாலை நூலகத்தை நாமே தொகுத்தாக வேண்டும். நாகப்பட்டினத்தில் 2012 முதல் இயங்கும் மீன்வளப் பல்கலைக்கழகமும் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. அதில் கடல்மீன்களோடு மேட்டூர் அணையின் மீன்களும் இடம்பெற வேண்டும். உள்நாட்டு மீனின் சதையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு மிகக் குறைவு; அது கெடும் வழியே வேறு. கடல்மீனுக்கு வகுத்த கணக்கைக் கொண்டு அதை அளக்க முடியாது.

அந்நூலகத்தின் பணி பொறுமை வேண்டுவது. பிடித்த நேரம் தெரிந்த மீன்களை வாங்கி, ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்ற அளவில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒளிப்படம் எடுக்க வேண்டும். அதே நாளில் அதே மீனை வேதிமுறையாலும் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, மீன்விற்கும் முதிய பெண்கள் சிலரை அழைத்து, அவர்கள் செவுளைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, முகர்ந்து என்ன சொல்கிறார்களோ அதையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒளியின் எண்ணும் வேதியியலின் எண்ணும் அவர்களின் சொல்லும் எந்த நாளில் ஒன்றுபடுகின்றன, எந்த நாளில் பிரிகின்றன என்பது நெத்திலிக்கு ஒருவிதமாகவும் கட்லாவுக்கு வேறுவிதமாகவும் இருக்கும். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் ஒருமுறை என்று இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஓர் இனத்துக்கே ஈராண்டு ஆகலாம்.